இன்ஜின் கம்ப்ளைன்ட் உள்ள காரை ஆப்ல விக்கப் போறீங்களா, இதப் படிச்சுட்டுப் போங்க

கம்பெனி பேர் போடல, இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. எப்படி ரேட்டக் கொறைக்கறாங்கன்னு தெரிஞ்சா போதும்.

வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல், கோயம்புத்தூர் ரெஜிஸ்ட்ரேஷன், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. கொஞ்ச நாளாவே ஆயில் குடிக்குது, மேடு ஏறுனா பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குப் புகை. நம்ம மெக்கானிக் அண்ணன் வண்டிய ஓட விட்டு ஆயில் மூடியக் கழட்டித் தலைகீழா வெச்சாரு, மூடி துள்ளிக் கீழ விழுந்துச்சு. "பேக் கம்ப்ரஷன்ங்க, உள்ள இருக்கற கேஸ் கசிஞ்சு மூடியத் தள்ளுது, இன்ஜின இறக்காம வேலைக்காகாது"ன்னுட்டாரு. டர்போவும் சேத்து லட்ச ரூபா கிட்ட எஸ்டிமேட். அவ்ளோ போடறதுக்கு வித்தே போடலாம்னு ஆயிடுச்சு.

ஆப்ல நம்பர் போட்டதும் 2,40,000ன்னு காட்டுச்சு, அதெல்லாம் சும்மா ஆள இழுக்கத்தான். செக் பண்ண வந்த பையன் கிட்ட இன்ஜின் வீக்குன்னு நானே சொல்லிட்டேன், அவனும் மூடியத் தொறந்து வீடியோ எடுத்தான், சைலன்சர் புகையயும் எடுத்தான், ரிப்போர்ட்ல ஏத்திட்டுப் போனான். இத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க.

சாயங்காலம் போன். ஏலத்துல 1,10,000தான் வந்துருக்கு சார், இருபது நிமிஷத்துல ஏலம் முடிஞ்சுடும் சார்னு. வேணாம்னு கட் பண்ணா திரும்பக் கூப்புட்டு ஒரு அஞ்சாயிரம் ஏத்தறாங்க. நடுவுல "டீசல் பத்து வருஷம் தாண்டுனா ஸ்கிராப்புதான சார்"னு ஒரு பிட்டு. அது டெல்லி சுத்துவட்டார ரூல்ங்க, நம்ம ஊர்ல 15 வருஷம் வரைக்கும் ஆர்சி ஓடும், அப்புறமும் எஃப்சி காட்டி பசுமை வரி கட்டி ரினியூ பண்ணிக்கலாம். இது தெரியாமயா பேசறாங்க? கடைசியா 1,35,000க்குப் பேசி முடிச்சோம்.

எடுக்க வந்த அன்னிக்குதான் மெயின் வேலையே. ஆர்சி, ரெண்டு சாவி எல்லாம் வாங்கிட்டாங்க, பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்தும் ஆச்சு, வண்டிய டோ லாரில ஏத்திக் கட்டியும் முடிச்சாச்சு. அதுக்கப்புறம் வந்தவரு யாருக்கோ போன் போட்டுட்டு "சார், இன்ஜின்ல சவுண்டு வருதாம், 30,000 கொறைக்கச் சொல்றாங்க"ங்கறாரு. உங்க ரிப்போர்ட்லயே இருக்கேங்கன்னு போன்ல எடுத்துக் காட்டுனா, "அது வேற டீம் சார்". வண்டிய இறக்கணும்னா டோ சார்ஜ் நான் கட்டணுமாம். அம்மா வாசல்ல நிக்கறாங்க, பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்கறாங்க, போய்த் தொலையட்டும்னு நாம தலையாட்டுவோம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். 1,05,000. அதுலயும் 15,000 பேர் மாத்துன பின்னாடிதான்னு புடிச்சு வெச்சுட்டாங்க.

பேர் மாத்தவும் இல்ல. திடீர்னு ஒரு நாள் கேரளாவுல பாலியேக்கரை டோல்ல என் ஃபாஸ்டேக்ல காசு எடுத்ததா மெசேஜ் வருது, அப்புறம் ஓவர்ஸ்பீடுன்னு இ-சலான். ஆர்சில யார் பேரு இருக்கோ அவங்கதான் ஓனர், வண்டி ஆக்சிடென்ட் ஆனா நஷ்ட ஈடு அவங்க தலையிலதான்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அத நெனச்சா தூக்கமே வரல. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலருங்க வண்டிய எடுத்தா ஃபார்ம் 29சி போட்டு பரிவாகன்ங்கற கவர்மென்ட் வெப்சைட்ல ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும், அதுக்கப்புறம் பொறுப்பு டீலரோடது. அந்த அக்னாலெட்ஜ்மென்ட் எங்கன்னு மெயில்ல புடிச்சதும்தான் அசைஞ்சாங்க. நீங்க சாவியக் குடுக்கறதுக்கு முன்னாடியே அத வாங்கிடுங்க. முழுப் பணமும் அக்கவுன்ட்ல ஏறாம லாரில கயிறு கட்ட விடாதீங்க. ஃபாஸ்டேக்க அன்னிக்கே க்ளோஸ் பண்ணிடுங்க, இன்சூரன்ஸ்ல நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்குத் தர்ற தள்ளுபடி) இருந்தா அது உங்களுது, சர்டிஃபிகேட் வாங்கி அடுத்த வண்டிக்கு வெச்சுக்கங்க.

இன்ஜின் போன வண்டிக்கு நல்ல ரேட்டு தர்றது சொந்தமா இன்ஜின் வேலை பாக்கற பட்டறைக்காரங்கதான். நமக்கு லட்சம் ஆகற வேலை அவங்களுக்குப் பாதில முடிஞ்சுடும், அதனால பயந்து பயந்து ரேட்டக் கொறைக்க மாட்டாங்க. எஸ்டிமேட்ட எழுதி வாங்கி நாலு பட்டறைல காட்டுங்க. நம்ம மெக்கானிக் அண்ணன் விஷயம் கேட்டுட்டு "எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒன்னு நாப்பதுக்கு ஆளே இருந்துச்சுங்களே"ன்னாரு.

இப்ப ஆர்சி பேரு மாறிடுச்சு. புடிச்சு வெச்ச 15,000ல சர்வீஸ் சார்ஜ்னு கழிச்சுட்டு 11,500தான் போட்டாங்க. மிச்சத்துக்கு கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் போட்டுருக்கேன்.