சொசைட்டி மாடியில் சோலார்: கம்பெனி பணமா, நம் பணமா?

மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் மொட்டை மாடியில் சோலார் வைக்க இரண்டு வழிகள் பேச்சில் இருக்கின்றன.

கம்பெனியே செலவு செய்து பேனல்களை நிறுவி, மின்சாரத்தை யூனிட் கணக்கில் நமக்கு விற்பது முதல் வழி. கையிலிருந்து முதல் போட வேண்டாம், பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தம் பல வருடங்களுக்கு நீளும். நம்பிக்கை முழுக்க அந்தக் காகிதத்தின் மேல்தான்.

இன்னொன்று, எல்லாரும் பணம் போட்டு நாமே சொந்தமாக வைப்பது. மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு பில் குறையும், மிச்சம் நமக்கே. சரி, பணம் யார் கையில் இருக்கும்? சீட்டுப் பணத்தோடு ஆள் ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாடி வீட்டு மாமி இதைக் கேட்டபோது சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது மிக நியாயமான கேள்வியாகப் பட்டது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருகே கடலில் நிற்கும் மிடில்குருண்டன் காற்றாலைகளில் பாதி, 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். அத்தனை பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க முடியாது. கணக்கு வெளிப்படையாக இருந்தால்தான் அத்தனை பேர் ஒன்றுசேர முடியும்.

நான் இரண்டாவது வழிக்குத்தான் கை தூக்குவேன். சொசைட்டிக்கு ஆண்டுத் தணிக்கையும் பொதுக்கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. அப்புறம், மாதாமாதம் மீட்டர் ரீடிங்கும் செலவுக் கணக்கும் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் படிக்கும்படி.