லோக்கல் லாரி வேலை: வேலூர் பக்கம் புது ஓட்டுநருக்கு எது ஒத்துவரும்?

லைசென்ஸ் புதுசு, வீட்டில் மனைவியும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்தக் கணக்கோடு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது நான்கு வகை வேலை: குவாரி டிப்பர், சிப்காட் அல்லது தோல் கம்பெனி வண்டி, காய்கறி மண்டி வண்டி, காஸ் ஏஜென்சி வண்டி. டிப்பரில்தான் காசு என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வார்கள். முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி.

முதலில் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனியாக பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டும் அனுமதி) வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், சின்ன ஈச்சர் எல்லாம் இதில் அடங்கும். ஆபத்தான சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. 7,500 கிலோவுக்கு மேல் போனால் ஹெவி, அதாவது கனரக வண்டி லைசென்ஸ் வேண்டும். அதற்கு எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிரம்பியிருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூல் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். தீர்ப்பு வந்தும் பல கம்பெனி கேட்டில் "பேட்ஜ் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆகவே ஒரு வருடம் முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டிப்பருக்கு வருவோம். சம்பளம் நடைக்கணக்கு, அதாவது ஒரு லோடு இறக்கி வந்தால் இவ்வளவு என்று. ஒரு நடைக்கு 300 ரூபாய் படி என்று வைத்துக்கொள்வோம். "நாளைக்கு அஞ்சு நடை அடிக்கலாம்" என்று ஓனர் சொன்னால் மனசு 1,500 என்று கணக்குப் போடும். கிரஷரில் (கல் உடைக்கும் ஆலையில்) வரிசை நீண்டால் அது மூன்று நடை ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றுமே இல்லாமல் போகும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டுக்குக் கடைக்கால் போடுவதில்லை, அப்போதும் நடை குறையும். வீட்டு வாடகையும் ஸ்கூல் பீஸும் மழைக்காகக் காத்திருக்காது.

காசைவிடப் பெரிய சிக்கல் எடை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்சாண்டாக (கல்லை அரைத்த மணல்) இருந்தால் நாலரை டன்னிலிருந்து ஐந்து டன் வரை வரும், நனைந்திருந்தால் இன்னும் கூடும். ஆறு சக்கர டிப்பருக்கு அனுமதித்த மொத்த எடை 18.5 டன். வண்டியின் சொந்த எடை ஏழு டன் போனால் மிச்சம் பதினொன்றரை, அதாவது இரண்டு யூனிட்டும் கொஞ்சமும். "மூணு யூனிட் போடு" என்றால் இரண்டரை, மூன்று டன் அதிகம். மூன்று டன்னுக்கு அபராதம் அடிப்படை 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் 6,000, ஆக 26,000 ரூபாய். அதை ஓனர் கட்டிவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். ஓவர்லோடுக்கு லைசென்ஸை மூன்று மாதம் முடக்கலாம், அந்த மூன்று மாதத்தை யாரும் கட்டித் தரமாட்டார்கள். மணல், ஜல்லி போன்ற கனிமத்துக்கு நடைச்சீட்டு (கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) இல்லாமலோ, நேரம் முடிந்த சீட்டோடோ பிடிபட்டால் வண்டி பறிமுதல் ஆகும், வழக்கில் ஸ்டியரிங் பிடித்திருந்தவர் பெயரும் ஏறும். சீட்டில் உள்ள வண்டி எண், அளவு, புறப்பட்ட நேரம் மூன்றையும் கிரஷர் கேட்டைத் தாண்டுமுன் படித்துப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஓட்டும் விதத்திலும் புதியவருக்கு இது கடினம். டிப்பர் பெரும்பாலும் கவிழ்வது ரோட்டில் இல்லை, கொட்டுமிடத்தில்தான். ஒரு பக்கச் சக்கரம் புதுமண்ணில் இறங்கியிருக்கும்போது தொட்டியைத் தூக்கினால், ஈர மணல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு மேலே நிற்கும், கீழே வண்டி சாயும். கொட்டிவிட்டுத் தொட்டியை இறக்காமலே நகர்ந்தால் தலைக்கு மேலே மின்கம்பி. பின்கதவுக் கொக்கியைச் சரியாகப் போடாவிட்டால் ஜல்லி வழிநெடுகச் சிந்தி, பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார். ரெடிமிக்ஸ் லாரி மாதச் சம்பளம் என்பதால் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் கலவை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், தளம் போடுவது ராத்திரி பதினொன்றுக்கு முடிந்தாலும் வண்டி அங்கேதான் நிற்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வர முடியும்.

கம்பெனி வண்டியில் கையில் வருவது குறைவு, ஆனால் மாதம் பிறந்தால் வந்துவிடும். ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல், ஷூ, ரசாயனத் தொழில் பரவிக் கிடப்பதால் வண்டிக்கு எப்போதும் தேவை இருக்கிறது. நேரடியாகச் சேர்ப்பது அரிது, முக்கால்வாசி கான்டிராக்டர் வழியாகத்தான். கான்டிராக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறாரா என்பது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ளவருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம்தான், அதற்கு மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்தியம். இதே வேலைக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் தருகிறேன், இ.எஸ்.ஐ. கிடையாது என்பவரை விட்டுவிடலாம்.

தோல் கம்பெனி என்றாலும் சரக்குக்குச் சரக்கு வேறுபாடு உண்டு. முடிந்த தோலும் ஷூ மேல்பாகமும் சுத்தமான, எடை குறைந்த லோடு, புதியவருக்கு மிகத் தோதானது. உப்புப் போட்ட பச்சைத் தோல் அப்படியல்ல. வழியும் உப்புத் தண்ணீர் தளத்தையும் சேசிஸையும் பிரேக் பைப்பையும் அரிக்கும், இறக்கியதும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ரசாயன லோடு என்றால் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு செய்த பிறகுதான். தோல் பதனிட சோடியம் சல்பைடும் வாங்குவார்கள், கந்தக அமிலமும் வாங்குவார்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கசிந்து கலந்தால் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு உயிரை வாங்கும்.

இந்த வேலையில் தாமதம் பெரும்பாலும் காகிதத்தால் வரும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில் (சரக்குக்கான ஆன்லைன் ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும். கடைசி நேரத்தில் வண்டியை மாற்றிவிட்டு பில்லில் எண்ணை மாற்ற மறந்துவிடுவார்கள், சோதனையில் நிற்பது ஓட்டுநர். கேட் பாஸ் வாங்கும்போதே எண்ணை ஒத்துப் பார்த்தால் அந்த அரை நாள் மிச்சம்.

நேதாஜி மார்க்கெட் மண்டி வண்டிக்கு விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே சாவி கைக்கு வரும், பத்து பதினோரு மணிக்கு வேலை முடிந்துவிடும். மனைவி ஷூ கம்பெனிக்கு ஏழு மணி பஸ் பிடிப்பவர் என்றால் காலையில் பிள்ளைகளைக் கிளப்ப வீட்டில் ஆள் இருக்காது. பாட்டி கூட இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை, மாலை முழுக்கக் கையில் இருக்கும். தக்காளி எடுக்க ஆந்திராவின் வி.கோட்டா, பலமநேர் என்று அனுப்பினால் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை, லோடோடு இறங்கும்போது கியரில் பிடிக்காமல் பிரேக்கிலேயே வந்தால் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். ஆந்திர பர்மிட் இருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

காஸ் வண்டி பகல் வேலை, பெரும்பாலும் ஞாயிறு லீவு, சுற்றுவதும் சத்துவாச்சாரி, தொரப்பாடி, காட்பாடிக்குள்ளேதான். நேரம் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். ஆனால் நிரம்பிய சிலிண்டர் ஒன்று 30 கிலோ. ஓட்டுவதோடு மாடி ஏற்றுவதும் உங்கள் தலையில்தானா, கூட ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகு போனால் ஸ்டியரிங்கும் போச்சு. ஆபத்தான சரக்குப் பதிவு இதற்கும் வேண்டும்.

நான்கையும் வரிசைப்படுத்தினால்: முடிந்த தோல், ஷூ சரக்கு ஏற்றும் கம்பெனி ஈச்சர் முதலில், ஆபத்தான சரக்குப் பதிவும் தூக்க ஆளும் இருந்தால் காஸ் அதற்குச் சமம், காலையில் வீட்டைப் பார்க்க ஆள் இருந்தால் மண்டி, டிப்பர் கடைசி. கடனில் குட்டி யானை வாங்கி ஸ்டாண்டில் போடுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தவணை மாதம் தவறாமல் வரும், வாடகை அப்படி வராது.

எந்த வேலையானாலும் சேருமுன் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பர்மிட் தேதிகளைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு என்று ஒரு வரி, பக்கத்தில் 50 ரூபாய் மாதிரி சின்னத் தொகை இருக்கும், அது இருக்கிறதா என்று கேளுங்கள். லைசென்ஸ் ஒரிஜினலை ஓனரிடம் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். டயர் வெடித்தால், டீசல் குறைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், பிடித்தம் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். "லோக்கல்தான், எப்பவாவது பெங்களூரு" என்று சொன்னால் மாதத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கை கேளுங்கள். வேலூரிலிருந்து போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல், பகலில் லாரிகளுக்கு நகருக்குள் தடை இருப்பதால் இறக்கிவிட்டுத் திரும்ப மறுநாள் ஆகும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் ஆக்டிங் (மாற்று ஓட்டுநராக) போய்ப் பாருங்கள், எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களே குறித்து வைத்துவிடுவார்கள். ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம், பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு அந்த அட்டை வேண்டும்.