மாவின் வயதுதான் மெனு: ஆறு வருட வீட்டு நிர்வாக அனுபவம்

2019 ஜூனில் என் மனைவிக்குத் தூத்துக்குடிக்கு மாறுதல் வந்தது. மதுரை வீட்டில் மிஞ்சியது நான், எழுபதைத் தாண்டிய அப்பா, மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்த மகள். சனி, ஞாயிறு மனைவி வந்துவிடுவாள். மற்ற நாட்களில் வீடு என் தலையில். அதுவரை நான் வீட்டில் பார்த்த வேலை என்றால் பால் பாக்கெட் வாங்குவது, சிலிண்டர் மாட்டுவது. அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ன செய்வான்? எக்செல்லில் அட்டவணை போட்டேன். கிழமைக்கு ஒரு நிறம். திங்கள் அறை பெருக்கித் துடைப்பது, செவ்வாய் குளியலறை, புதன் துணி. காலைக்கு என்ன, ராத்திரிக்கு என்ன என்று இரண்டு வாரத்துக்கான மெனுவும் உண்டு. பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பதினோரு நாள் ஓடியது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, குளியலறை புதனுக்குத் தள்ளிப்போனது, புதன் துணி வியாழனுக்கு, அதற்குள் மகளுக்குக் காய்ச்சல். ஒரு கட்டம் சரிந்ததும் எல்லாம் சரிந்தது. பிறகு ஃபோனில் ஒரு செயலி போட்டேன். அது மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் அணைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஆறு வருடம் ஆகிவிட்டது. போட்ட திட்டங்களில் முக்கால்வாசி போய்விட்டது. நின்றவற்றைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது: நினைவு வைத்துச் செய்ய வேண்டியது எதுவும் நிற்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றின் வாலில் கட்டிவிட்டது மட்டும் நின்றிருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் மாவு. முதல் வருடம் பாக்கெட் மாவுதான். 2020 ஊரடங்கில் அவள் தூத்துக்குடியிலேயே மாட்டிக்கொண்டாள், கடையில் மாவும் இல்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, பரணிலிருந்து கிரைண்டரை இறக்கினேன். “ஏங்க, உளுந்தைத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரைங்க, மொத்தமா ஊத்திராதீங்க” என்று அங்கிருந்து குரல். இட்லி அரிசி நாலு உழக்கு, உளுந்து ஒரு உழக்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். உளுந்து அரை மணி நேரம் ஓட வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முதல் தடவை மூழ்கியது. இட்லியை மகள் சுவரில் எறிந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒன்று பிடிபட்டது. மாவு வீட்டில் இருந்தால் மெனு அட்டவணையே வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி அரைத்தால் ஞாயிறும் திங்களும் இட்லி. செவ்வாய் தோசை. புதன்கிழமை புளிப்பு ஏறியிருக்கும், வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிப்போட்டுக் குழிப்பணியாரம். அன்று ராத்திரி மறுபடியும் கிரைண்டர். “ஏப்பா, இன்னைக்கு என்ன?” என்று அப்பா தினமும் காலையில் கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். இப்போது அவரே ஃபிரிட்ஜைத் திறந்து தூக்கைப் பார்த்துக்கொள்கிறார். மாவின் வயதைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அடுத்து எனக்கு வேலை சட்னி மட்டும்.

அரிசி ஊறப்போடுவதில்தான் சிக்கல் இருந்தது. நான் காலையில் எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருபவன். காலையிலேயே ஊறப்போட்டால் மதுரை வெயிலுக்கு அரிசியில் வாடை வந்துவிடும். அப்பாவிடம் “மூணு மணிக்குப் போட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போவேன், மறந்துவிடுவார். பிறகு மணியை விட்டுவிட்டு, “சாப்பிட்ட தட்டைக் கழுவுறப்ப அப்படியே அரிசியையும் கழுவி வச்சிருங்கப்பா” என்று மாற்றினேன். உழக்கைத் தட்டு கழுவும் இடத்தின் மேலேயே வைத்தேன். அதற்குப் பிறகு அவர் மறந்தது நாலைந்து தடவைதான் இருக்கும்.

கோடைக்கு ஒரு குறிப்பு: சித்திரை, வைகாசியில் உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைப்பேன். இல்லாவிட்டால் கிரைண்டரே மாவைச் சூடாக்கிவிடுகிறது. அந்த மாதங்களில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி மேடையில் வழிந்துவிடும். மார்கழியில் நேர்மாறு, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் அசையாமல் கிடக்கும்.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. அப்பாவுக்கு பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. ஒருநாள் ராத்திரி மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டார், மறுநாள் முழுக்கத் தலைசுற்றல். ஏழு நாளுக்கு, வேளைக்கு ஒன்றாகக் குழி வைத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நிரப்புவேன். நான் எதிர்பாராத லாபம், நிரப்பும்போதே எந்த அட்டை தீரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடுவது. ராத்திரி ஒன்பது மணிக்கு மெடிக்கலுக்கு ஓடியது அதோடு நின்றது. சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாது, மெடிக்கலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசு விஷயம் எனக்கு அவமானத்தோடு கற்றுக்கொடுக்கப்பட்டது. 2021 மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா ஒருவர் டார்ச்சோடு வீட்டுக்குள் வந்தார். “நம்ம வீட்டுல எல்லாம் மூடித்தான் இருக்கும்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நேரே போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை இழுத்தார். கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு தட்டு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக எட்டு, பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டினால் அதற்கு நேரம் கிடைக்காது. கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நார் போட்டுத் தேய்க்க வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமைக் கறிக் குழம்பின் வாலில் கட்டியிருக்கிறேன். குக்கரில் கறி வேகிற நேரம் டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் தட்டு மூன்றும். இப்போது அது மகளின் வேலை. “ஒரு விசிலுக்கு ஒண்ணுப்பா” என்கிறாள்.

கரண்ட் பில்லில் அப்பாதான் கில்லாடி. 2025 நிலவரம் இது: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், இது எல்லாருக்கும் தெரியும். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் விலைப்பட்டியலே மாறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் அடுத்த படி விலை விழும். இருநூறு ரூபாய்க்கு மேல் சும்மா போகும். 500ஐ இரண்டு மாதத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 58. மீட்டர் வாசலில், பேப்பர் விழுகிற இடத்துக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுக்கும்போதே ரீடிங்கை அதன் ஓரத்தில் குறித்துக்கொண்டு உள்ளே வருவார். கூடிவிட்டால் “ஏசியை 26ல வைங்கடா” என்று ஒரு சத்தம். மே மாதத்தில் எங்களால் முடியாது, தாண்டித்தான் போகும். அதற்கு இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

சிலிண்டர் எங்களுக்கு 35 முதல் 40 நாள் வரும். இரண்டாவதை மாட்டுகிற கையோடு அடுத்ததைப் பதிவு செய்துவிடுகிறேன். மாட்டிய தேதியைச் சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே எழுதுவேன். டெலிவரி எடுக்கும்போது கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தையும் பார்க்கிறேன்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி என்று மும்மூன்று மாதம், பக்கத்தில் வருடம். அதுதான் அடுத்த பரிசோதனைக்கான கெடு. கெடு தாண்டியதை வாங்க வேண்டியதில்லை. ஆரஞ்சு ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று தெரிந்து தேடிப் பார்த்தபோது எங்களுடையதற்கு எட்டு வயது.

வரவு செலவுக்கு அரைக்குயர் நோட்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியது படுதோல்வி. கடுகு என்று எழுதிய டப்பாவில் சீரகம் இருந்தது, எல்லாரும் லேபிளைத்தான் நம்பினோம்.

குறை என்று பார்த்தால், இந்த ஏற்பாடு வீட்டில் பகலில் ஒருவர் இருப்பதை நம்பி நிற்கிறது. 2023இல் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மூன்று வாரமும் அரிசி ஊறவில்லை, மீட்டர் குறிக்கப்படவில்லை. நான் மறுபடியும் பாக்கெட் மாவுக்குத்தான் போனேன். இருவரும் வேலைக்குப் போய், வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் இதில் பாதிகூட ஓடாது. மாத்திரைப் பெட்டியையும் சிலிண்டர் தேதியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே மாதம் மனைவிக்கு மதுரைக்கே மாறுதல் கிடைத்தது. முதல் வாரம் சமையலறையில் “உப்பு எங்கங்க? பருப்பு எங்கங்க?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சறைப் பெட்டி அங்கிட்டுப் போனது, நெய் ஜாடி இங்கிட்டு வந்தது, எனக்குள் கோபம் பொங்கியது. என் சமையலறை என்று நான் நினைத்துக்கொண்டதை நானே கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். புதன்கிழமைப் பணியாரத்தை மட்டும் அவள் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டி நிரப்புவதற்குத்தான் வால் போய்விட்டது, பஸ் ஏற்றிவிடும் வேலை இல்லையே. இரண்டு வாரம் மறந்தேன். இப்போது கிரைண்டர் கல்லைக் கழுவியதும், சனிக்கிழமை ராத்திரியிலேயே.

இதுவரை எதன் வாலிலும் கட்ட முடியாதது ஒன்று உண்டு: காய்ந்த துணியை மடிப்பது. ஆறு வருடமாக ஹாலில் ஒரு நாற்காலி அதற்கென்றே ஒதுங்கிவிட்டது. விருந்தாளி வந்தால் மொத்தமாக அள்ளிக் கட்டிலுக்குப் போகும், அவர்கள் கிளம்பியதும் திரும்பி வரும். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது. அப்பா அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.