“யாக்கினிக்கு” வீட்டில்: ஹாட் பிளேட்டா, கரி அடுப்பா?

யாக்கினிக்கு என்பது இறைச்சித் துண்டுகளை அவ்வப்போது சுட்டுச் சாப்பிடும் ஜப்பானிய உணவு. ஜப்பானில் வீட்டு யாக்கினிக்கு என்றால் பெரும்பாலும் மேசை நடுவில் ஹாட் பிளேட்தான். பிளக்கைச் செருகி 200 டிகிரிக்கு மேல் வைத்தால் போதும், பூசணி, வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் ஓரத்தில் மெதுவாக வெந்துகொண்டிருக்க, நடுவில் இறைச்சியைப் போடலாம். ஆசைப்பட்டு நிறையப் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, சுடுவதற்குப் பதில் வேக ஆரம்பித்துவிடும். ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு, அவ்வளவுதான்.

ஷிச்சிரின் வேறு ரகம். நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான டயட்டம் மண்ணில் செய்த சின்னக் கரி அடுப்பு. ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் அந்த மண்ணை வெட்டியெடுத்து அப்படியே குடைந்து செய்கிறார்கள். கொழுப்பு கரியில் சொட்டி, சுர்ரென்று புகை எழும்பி அதே துண்டில் ஒட்டுகிறதே, அந்த மணம் பிளேட்டில் வரவே வராது. ஆனால் பின்சோட்டான் என்ற கெட்டியான மரக்கரி நன்றாகப் பற்ற அரை மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்பட்டால் வெடித்துத் தெறிக்கும். அப்புறம் கரியிலிருந்து வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடு: ஜன்னல் திறந்திருந்தாலும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், வெளியில்தான்.

சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சர்க்கரை, பூண்டு, எள் சேர்ந்த தாரே என்ற சாஸில் இறைச்சியை பிளேட்டில் முன்பே பிசறிப் போடலாம். கரியில் அப்படிச் செய்தால் சர்க்கரை கருகிக் கசக்கும், சுட்ட பிறகு தொட்டுக்கொள்ளுங்கள்.