கறிக்கோழித் தீவனத்துக்கு எந்த என்சைம்: ஃபைட்டேஸா, காக்டெயிலா, புரோட்டியேஸா?

பல்லடம் பக்கம் ஒப்பந்தப் பண்ணை நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. குஞ்சோடு தீவனமும் கம்பெனியிலிருந்தே வந்துவிடும். மக்காச்சோளம் வாங்கிச் சொந்தமாக அரைத்துக் கலக்குபவர்களுக்குத்தான் குழப்பம். கடைக்காரர் தீவனம் செரிக்க உதவும் என்சைம் பாக்கெட் மூன்று விதம் காட்டி, மூன்றுமே எஃப்சிஆரைக் (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்படும் தீவன அளவு) குறைக்கும் என்பார்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபைட்டேஸ் வாங்குங்கள். மக்காச்சோளத்திலும் சோயா பிண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கிக் கிடக்கிறது. அதை உடைக்கும் என்சைம்தான் ஃபைட்டேஸ்; கோழியின் குடலில் அது போதாது. பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) போடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். கிராமுக்கு 5000 யூனிட் உள்ள ஃபைட்டேஸை டன்னுக்கு 100 கிராம் கலந்தால் கிலோ தீவனத்துக்கு 500 யூனிட். அது சுமார் 0.1 சதவீதம் பாஸ்பரஸை விடுவிக்கும், அதாவது டன்னுக்கு ஒரு கிலோ. டிசிபியில் பாஸ்பரஸ் 18 சதவீதம் என்றால் 5 கிலோவுக்கு மேல் டிசிபி மிச்சம். ஆனால் பலர் டிசிபியைக் குறைக்காமல் ஃபைட்டேஸையும் சேர்க்கிறார்கள்; அப்புறம் 'ஒன்றும் தெரியவில்லையே' என்கிறார்கள். எப்படித் தெரியும்? டிசிபி குறைந்தால் அதிலிருந்த கால்சியமும் குறையும், அதனால் கல்மாவு (சுண்ணாம்புக்கல் பொடி) அளவையும் திரும்பக் கணக்கிட வேண்டும். பயந்துகொண்டு கல்மாவை அள்ளிப் போடவும் கூடாது. கால்சியம் மிகுந்தால் ஃபைட்டேஸின் வேலை தடைபடும்.

தானிய நாரை உடைக்கும் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் சேர்ந்த காக்டெயிலின் பெருமை கோதுமையும் பார்லியும் தின்னும் ஐரோப்பியக் கோழிகளிடம் உருவானது. அந்தத் தானியங்களின் நார்ப்பொருள் குடலில் பசைபோலாகி, எச்சம் ஒட்டி, கொட்டகைத் தரையில் பரப்பிய லிட்டரை (உமி, மரத்தூள் படுக்கை) நனைக்கும். சைலனேஸ் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நம் மக்காச்சோளம்–சோயா தீவனத்தில் அந்தப் பசைத்தன்மை குறைவு, பலனும் அந்த அளவுக்குத்தான். எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் வாங்கத் தொடங்கியபின் விலை ஏறும்போது கோதுமை, எண்ணெய் நீக்கிய தவிடு என்று மாற்றுகிறோம் அல்லவா, அப்போது காக்டெயிலுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. குருணை அரிசிக்காக மட்டும் வாங்க வேண்டாம். அதில் நார் மிகக் குறைவு.

புரதத்தைச் செரிக்க உதவும் புரோட்டியேஸ் கடைசி. சோயா விலை எகிறும்போது புரதத்தைக் கொஞ்சம் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாம், கொட்டகையில் அமோனியா நெடியும் குறையலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது என்று தெரிய அமினோ அமிலக் கணக்கு கையில் இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட் இல்லாமல் இதில் இறங்க நான் சொல்லமாட்டேன். சரியாக வேகாத சோயாவுக்கு இதை மருந்தாக நினைப்பவர்கள் முதலில் யூரியேஸ் டெஸ்ட் (சோயா சரியாக வெந்ததா என்று காட்டும் சோதனை) செய்யட்டும்.

எதை வாங்கினாலும் பெல்லட் (அழுத்திய குச்சித் தீவனம்) போடுபவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். 80–85 டிகிரியில் பூச்சு இல்லாத என்சைம் பெரும்பாலும் செயலிழக்கும். சூடு தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள். மாஷுக்கு (அழுத்தாத தூள் தீவனம்) இந்தக் கவலை இல்லை. அங்கே சிக்கல் கலப்பதில்தான். 100 கிராமை நேரே மிக்ஸரில் கொட்டாமல், முதலில் ஒரு கிலோ சோள மாவில், பிறகு பத்து கிலோவில் கலந்து அதன்பின் மிக்ஸரில் போடுங்கள். கோலின் குளோரைடு, தாது உப்போடு முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் மூட்டையில் வைத்தால் வீரியம் குறைந்துவிடும்.