எந்த ஊர் இசக்கி? ஒரு நாவலை மூன்று வழிகளில் விற்றுப் பார்த்த கணக்கு

சென்ற பங்குனியில் என் முதல் நாவலை நானே வெளியிட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடிகொண்டிருக்கும் இசக்கி என்ற நாட்டார் தெய்வத்தின் கதை, 144 பக்கம். எழுத இரண்டு ஆண்டு ஆனது. எப்படி விற்பது என்று முடிவெடுக்க மேலும் நான்கு மாதம். அமேசானின் கிண்டில் மின்னூல், பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடர், அச்சடித்து ஊர் ஊராக நானே விற்பது என்று மூன்று வழிகள் இருந்தன. மூன்றிலும் கால் வைத்துப் பார்த்துவிட்டேன். என் மனம் அச்சுப் பக்கம்தான் சாய்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

கிண்டிலின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. கைமுதல் வேண்டாம், ஒரே மாலையில் ஏற்றிவிடலாம், துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரர் அங்கிருந்தே வாங்கிக்கொள்வார். கவனமாகப் பார்க்க வேண்டியது உரிமத்தொகையை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீதம் கிடைக்க வேண்டுமானால் கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும்; இல்லையென்றால் 35தான். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே ஒரே கதையைக் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் ஏற்ற நினைப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 99 ரூபாய் விலையில் பதினோரு மாதத்தில் 41 பிரதி போயிருக்கிறது. கைக்கு வந்தது மூவாயிரத்தைத் தொடவில்லை.

பிரதிலிபியில் நாவலைப் போடவில்லை. பனங்காட்டு யட்சி ஒருத்தியைப் பற்றிய தனிக்கதையை ஆறு பாகங்களாக எழுதினேன். "அடுத்த பாகம் எப்போது?" என்று கேட்கும் வாசகர்கள் அங்கே உடனே கிடைக்கிறார்கள், அது பெரிய ஊக்கம். ஆனால் ஒவ்வொரு பாகமும் ஒரு திடுக்கிடலில் முடிய வேண்டியிருக்கிறது. என் நாவலில் இசக்கி கண்ணுக்குத் தெரிவதே நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகுதான். வருமானம் பற்றி ஆறு பாகம் எழுதிய நான் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. நூறு பாகம் எழுதியவர்களைக் கேளுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறொன்று. மின்னூல் கடையில் அட்டைப்படம் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். அட்டை வரைந்த தம்பி முதலில் அனுப்பிய படத்தில் விரித்த கூந்தல், சிவந்த கண், கோரைப்பல். "செல்போனில் பார்க்கிறவருக்கு இதுதான் அண்ணா கண்ணில் படும்" என்றார். அவர் சொன்னது சரிதான். பிரிவு என்ற இடத்திலும் திகில் என்றுதான் குறிக்க வேண்டியிருந்தது. என்னால் அந்தப் படத்தைப் போட முடியவில்லை. எங்கள் பக்கத்து இசக்கி கொலையுண்டவள், பழிவாங்கியவள். அவளேதான் பிள்ளை வரம் தருகிறவளும். அவளிடம் வேண்டிக்கொண்டு தொட்டில் கட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் போகும் எத்தனையோ வண்டிகள் முப்பந்தல் இசக்கி கோயிலில் நின்று அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கின்றன. அவளுக்குக் கோரைப்பல் வைத்து விற்றுவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த வழியாகப் பஸ்ஸில் போவேன்?

சித்திரையில் ஒரு கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, புத்தகங்களைக் கொண்டு போனேன். முன்னதாகவே ஊர்க் கமிட்டியில் அனுமதி கேட்டிருந்தேன். தலைவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும், "அட்டையில் முகம் போட்டிருக்கிறதா?" என்றார். கள்ளிச்செடியும் அதன் அடியில் ஒரு மண்விளக்கும் மட்டும்தான் என்று காட்டினேன். "அப்படியானால் வையுங்கள்" என்றார்.

வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவில் ஒரு மடக்கு மேசை. வில்லுப்பாட்டுக்காரர்கள் குடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வந்தார். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அட்டையில் இருந்த விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்: "இது எந்த ஊர் இசக்கி, மக்களே?"

ஊரைச் சொன்னேன். பேத்தியைக் கூப்பிட்டு முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நின்றபடியே கேட்டவர் இடையில் நிறுத்தி, "எங்கள் ஊரில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பாள், கையில் இல்லை" என்றார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவரவர் ஊர் இசக்கியை அவரவர் சொல்லத் தொடங்கினார்கள். நள்ளிரவுக்குள் 19 பிரதி போயிற்று.

இந்த ஒரு கேள்வியைப் பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இசக்கி ஊர்ப்பெயரோடுதான் இருக்கிறாள். "எந்த ஊர்?" என்று கேட்பவர் கதைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவர். வெளியிடத்து வாசகர் கேட்பது "இசக்கி என்றால் யார்?" என்பது. நூல் அறிமுகத்தின் முதல் பத்தி முழுவதும் அதற்குப் பதில் சொல்வதிலேயே போகிறது. நான்கு வரியில் சொல்லும்போது அவள் ஏதோ ஒரு பேயாகச் சுருங்கிவிடுகிறாள். விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் செலவழித்தாலும் அந்தச் சுருக்கத்தை நீட்ட முடியாது.

மாவட்டம் முழுவதற்கும் இது ஒன்றுபோலப் பொருந்தாது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஏழிலைப்பாலையில் குடியிருந்து வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சியைத்தான் அதிகம் சொல்வார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. கதைகளிலும் அந்தச் சேர்க்கை தெரிகிறது. என் கள்ளிச்செடி அட்டை கிழக்கே தானாகப் பேசியது. மேற்கே வாயைத் திறந்து விளக்க வேண்டியிருந்தது.

அச்சுக்குச் செலவு உண்டு, மறைக்கவில்லை. 300 பிரதிக்கு 27,000 ரூபாய். அட்டை, மேசை வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னும் ஐந்தாயிரத்துக்கு மேல். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் ராஜா ராம்மோகன் ராய் முகமையிலிருந்து இலவசமாகவே கிடைக்கும், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். விலை 180. கடைகள் 35 சதவீதம் கழிவு கேட்கின்றன. குறைந்த கட்டணப் பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோன பிறகு வெளியூருக்கு ஒற்றைப் பிரதி அனுப்புவது கட்டுப்படியாகவில்லை.

அதைவிட ஈரம்தான் பெரிய எதிரி. இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு முறை மழை தருகின்றன. கட்டிலுக்கு அடியில் வைத்த புத்தகக் கட்டுகளின் கீழ் வரிசைப் பிரதிகள் ஆடிக்குள் ஓரம் நெளிந்து பூசணம் பிடித்துவிட்டன. 11 பிரதி வீண். இப்போது மரப்பலகை மேல் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறேன், வெயில் நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விடுகிறேன். 300 பிரதி அடித்ததே அதிகம் என்பது இப்போதைய எண்ணம். முதல் முறை 150 போதும்.

விற்றது 214, இலவசமாகக் கொடுத்தது 23. போட்ட பணம் திரும்பிவிட்டது, மேலே கொஞ்சம் நின்றது. மண்டைக்காட்டு மாசிக் கொடை போன்ற பெருங்கூட்டத்தில் கடை போட்டதில்லை; சின்ன ஊர்க் கொடைகளில் கண்டதைத்தான் சொல்கிறேன்.

மின்னூலை எடுத்துவிடப் போவதில்லை. இந்த 90 நாள் முடிந்ததும் செலக்ட்டிலிருந்து விலக்கி, முதல் இரண்டு அத்தியாயங்களைப் பிரதிலிபியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். கையில் மீதி 52 பிரதி. அவற்றைக் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் கொண்டு போகிறேன். யட்சியோடு வளர்ந்தவர்கள் இசக்கியை எப்படி வாங்குகிறார்கள் என்பது சித்திரைக்குள் தெரிந்துவிடும்.