‘இடித்த வீட்டுத் தேக்கு’ வாங்கப் போகிறீர்களா? என் 29,400 ரூபாய்க் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு கார் ஷெட்தான் என் பட்டறை. கார் கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது. அப்பா ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன உளிகளும் ரெண்டு இழைப்புளியும்தான் முதலீடு. நகைப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, கல்யாண மணை, பேரன் பேத்திக்கு என்று கேட்டால் தொட்டில் பெட்டி, இப்படி ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மரம் வாங்குவதில் எனக்கு அனுபவம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அனுபவம் இருந்தும் ஏமாந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஜூன் கடைசியில் அண்ணாநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நெருங்கிய சொந்தங்களுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு மரப்பெட்டி. பத்துக்கு ஏழு அங்குலம், நாலு அங்குல உயரம், மூடியைத் திறந்தால் உள்பக்கம் தம்பதியின் பழைய கல்யாண போட்டோ. கூடவே அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு ஒரு பெரிய பெட்டி. “அப்பாவுக்கு காரைக்குடிப் பக்கம். பழைய வீட்டு மரத்துலயே செஞ்சா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார் மகள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் பர்மா தேக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புதிதாக பர்மா மரம் வாங்கலாம் என்றால், 2014 ஏப்ரலோடு மியான்மர் உருட்டு மரத்தை வெளியே அனுப்புவதையே நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கடையில் “பர்மா” என்று சொல்லி விற்பதில் எவ்வளவு பர்மா என்பது விற்கிறவருக்கே வெளிச்சம். ஆகவே பழைய வீட்டு மரம் என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே வரும். அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள்.

புறநகரில் ஒரு டிம்பர் டிப்போ. பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். வாசலில் செதுக்கு வேலைப்பாடுள்ள ரெண்டு தூண் சாய்த்து வைத்திருந்தது. கடைக்காரர் போனில் ஒரு வீட்டை இடிக்கும் போட்டோக்களைக் காட்டினார். உள்ளே பலகை அடுக்கு. கறுத்த மேல்பக்கம், அங்கங்கே ஆணி ஓட்டை, ஒன்றிரண்டில் சுண்ணாம்புக் கறைகூட இருந்தது. அடுக்கின் மேலிருந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டு மின்சார இழைப்பானை ஒரு ஓட்டு ஓட்டினார். தேன் நிறம். தேக்குக்கே உரிய அந்தப் பழைய தோல் வாசனை. விரலால் தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு.

“பார்த்துக்கோங்க மேடம், நூறு வருஷ மரம். இனிமே இது மாதிரி கிடைக்காது.”

அந்தப் பலகை அசல்தான். அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

கன அடி 4,200 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். சேதாரம் சேர்த்து 7 கன அடி. எட்டு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், ஆறடி நீளம், மொத்தம் 21 பலகை. 29,400 ரூபாய். பில் கேட்டேன். “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும் மேடம், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. மிச்சம் 5,292 ரூபாய் ஆயிற்றே. ஒரு துண்டுச்சீட்டில் “தேக்கு 7” என்று எழுதிக் கொடுத்தார். 20,000 ரூபாயை ஒரு நம்பருக்கு அனுப்பச் சொன்னார். போனில் வேறு யாரோ பெயர் வந்தது. மச்சானுடைய நம்பர் என்றார். மீதி ரொக்கம்.

மரம் அன்றைக்கே என்னோடு வரவில்லை. “ஆள் இல்லை, சாயந்தரம் ஏத்தி அனுப்பறேன்.” ராத்திரி ஒன்பது மணிக்கு தார்ப்பாய் போர்த்திய குட்டியானை வந்து தெருவில் நின்றது. வண்டி வாடகை 1,200. தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பலகையும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது. இறக்கி அடுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் முதல் பலகையைப் பலகைமேசையில் மாட்டி இழைத்தேன். முதல் சுருள் பழுப்பு. ரெண்டாவது வெளிர் பழுப்பு. மூன்றாவது சுருள் உள்ளங்கையில் விழுந்தபோது தேங்காய்த் துருவல் மாதிரி வெளுத்திருந்தது. இழைப்பதை நிறுத்திவிட்டு ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அடுத்த பலகையின் மேல் தேய்த்தேன். பஞ்சு காபி நிறமாக வந்தது. பழைய மரத்தின் கறுப்பு காலத்தால் ஏறியது, பஞ்சில் இப்படி வழிந்து வராது. ஏறி வந்தது ஸ்டெய்னர், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்.

21 பலகையில் ஆறு மட்டும் எனக்குக் காட்டிய மரம். மீதிப் பதினைந்தில் வைரம் (மரத்தின் முற்றிய உள்பகுதி) என்று சொல்ல நடுவில் ஒரு பட்டை, ரெண்டு ஓரமும் வெளிறு (முற்றாத வெளிப்பகுதி). இளம் மரத்தை அறுத்து, சாயம் பூசி, ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

அளவையும் அப்போதுதான் பார்த்தேன். டிப்போவில் நான் டேப்பை வைத்தது அந்த ஒரு பலகையில் மட்டும். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. என் பலகைகள் ஏழரை அங்குல அகலம், 20 மில்லிமீட்டர் கனம். மொத்தமாகப் போட்டால் 5.2 கன அடிகூடத் தேறவில்லை. அதாவது மரம் நல்ல மரமாகவே இருந்திருந்தாலும் 7,700 ரூபாய் போயிருக்கும். கேட்டால் “அறுவைச் சேதாரம்” என்பார்கள். அறுக்கிறவருடைய சேதாரத்தை வாங்குகிறவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயமோ.

போன் செய்தேன். கோபமே இல்லாமல் சிரித்தார். “மரம்னா வெளிறு இருக்கத்தான் மேடம் செய்யும். மனுஷனுக்கே வெள்ளை முடி வரல?”

இந்த இடத்தில் என் பக்கத்தையும் எழுதியாக வேண்டும். விசேஷத்துக்கு இருபது நாள் இருந்தது. அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். நல்ல ஆறு பலகையை மூடிக்கும் முன்பக்கத்துக்கும் வைத்துக்கொண்டு, பக்கப் பலகைகளை அந்த மற்ற மரத்தில் அறுத்தேன். வெளுத்த இடத்தை மறைக்க நானே ஸ்டெய்னர் கலந்து பூசினேன். அரக்கு பாலீஷ் ஏழு கோட்டு போட்ட பிறகு எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு பெட்டியையும் கொடுத்தேன், பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். பெரிய பெட்டிக்கு மட்டும் அவகாசம் கேட்டேன்.

ரெண்டு மாதம் போயிருக்கும். ஏசி அறையில் வைத்திருந்த பெட்டியின் பக்கப் பலகையில் விரிசல் என்று ஒரு படம் வந்தது. இன்னொன்றில் மூலைப் பொருத்து வாய் திறந்திருந்தது. அப்போதுதான் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினேன். ரெண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும் சின்ன சாதனம். மிச்சம் கிடந்த துண்டுகள், ஷெட்டில் அத்தனை நாள் காற்றாடக் கிடந்த பிறகும், 16, 17 காட்டின. சென்னையில் பெட்டி வேலைக்கு 12-க்கு மேல் போனாலே நான் இப்போது தொடுவதில்லை. மரம் நீளவாக்கில் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். காய்ந்த மரத்துக்கு என்று நான் காடியில் (பலகையைச் செருக வெட்டும் பள்ளத்தில்) விட்ட இடம் பச்சை மரத்துக்குப் போதவில்லை. நூறு வருடம் கூரைக்கடியில் இருந்த மரம் எப்படி 17 காட்டும் என்று முதல் நாளே ஒரு மீட்டர் கேட்டிருக்கும்.

மாசி மாதம் அந்த அம்மாவே போன் செய்தார். பூஜை அலமாரியில் பெட்டிக்குக் கீழே விபூதி கொட்டியிருக்கிறது என்று துடைத்தார்களாம். மறுநாளும் அதே இடத்தில் விபூதி. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் பக்கப் பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டை, தட்டினால் மாவு.

எங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். இப்போது வாள் கூர் தீட்டுவதோடு சரி. பெட்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“உளு விழுந்திருக்கும்மா. வெளிறுலதான் விழும், வைரத்துல பாரு, ஒண்ணும் இல்ல. நீ பாலீஷ் போடறதுக்கு முன்னாடியே முட்டை உள்ள இருந்திருக்கு.”

வெளிறில் மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்னத்தான் உளு என்கிற அந்தச் சின்ன வண்டு முட்டையிடுகிறது. புழு உள்ளேயே மாதக்கணக்கில் தின்று வளர்ந்து, வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. மேலே எத்தனை கோட்டு அரக்கு போட்டாலும் உள்ளே இருப்பதை அது ஒன்றும் செய்யாது.

மிச்சமிருந்த ஒரு பலகையையும் அவரிடம் காட்டினேன். ஆணி ஓட்டையை நகத்தால் சுரண்டினார். “இது ஆணி ஓட்டையே இல்ல. டிரில் போட்டது. இரும்பு தேக்குல வருஷக்கணக்கா இருந்தா ஓட்டையைச் சுத்தி கறுப்பா மை இறங்கியிருக்கும். இது உள்ள வெள்ளையா இருக்கு பாரு.” இருபது நொடி வேலை. நான் டிப்போவில் அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் பழைய மரம் என்று மயங்கினேன்.

டிப்போவுக்கு மூன்று தடவை நடந்தேன். வேறு பலகை எடுத்துக்கொள்ளச் சொன்னார், அதே அடுக்கிலிருந்து. மூன்றாம் தடவை 4,000 ரூபாய் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். துண்டுச்சீட்டில் கடைப் பெயர் இல்லை, பணம் போனது மச்சான் கணக்குக்கு. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக முடியாதே என்று சிலர் சொன்னார்கள். அது முழுக்கச் சரியில்லை. சொந்தக் கைத்தொழிலில் பிழைப்புக்காக வாங்கினால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாதாட என் கையில் என்ன காகிதம் இருந்தது? மிச்சம் பிடித்த 5,292 ரூபாய்தான் இருந்தது.

அண்ணாநகர் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஸ்டெய்னர் பூசியது உள்பட. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாதான், “அன்னைக்கே சொல்லியிருந்தா புது மரத்துலயே செய்யச் சொல்லியிருப்போமேம்மா” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. சொந்தங்கள் வீட்டிலிருந்து ஒன்பது பெட்டி திரும்பி வந்தது. ஒன்பதையும் என் செலவில் திரும்பச் செய்தேன். போட்டோவை மட்டும் பழைய மூடியிலிருந்து பத்திரமாகக் கழற்றி மாட்டினேன். உளுத்த பக்கங்களை எரித்துவிட்டேன். ஷெட்டில் இருந்த மற்ற மரத்துக்கும் உளு பரவாமலிருக்க போராக்ஸ், போரிக் கரைசல் அடிக்க வேண்டியதாயிற்று. அது தனிச் செலவு.

இப்போது மரம் வாங்கப் போனால், நான் எடுத்த ஒவ்வொரு பலகையிலும் குறுக்குவெட்டு முனையில் பால்பாயிண்ட் பேனாவால் என் இனிஷியலைப் போட்டுவிடுகிறேன். வண்டியோடு நானும் வருகிறேன், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. முனையை முதலில் பார்த்துவிட்டால் பாதி விஷயம் முடிந்தது. மேல்பக்கம் சாயம் பூசுகிறவர்கள்கூட முனையில் சோம்பேறித்தனமாகத்தான் பூசுகிறார்கள். வைரம் எங்கே நிற்கிறது, வெளிறு எங்கே தொடங்குகிறது என்பது அங்கே தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே வாங்கி வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுகிறேன்.

ஒன்பது பெட்டிக்கு மரம் வாங்க வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். “பழைய மரமா மேடம், சூப்பர் மரம் இருக்கு” என்று கடைக்காரர் முன்னால் இருந்த அடுக்கைக் கை காட்டினார். நான் கைப்பையிலிருந்து அப்பாவின் உள்ளங்கை அளவுச் சின்ன இழைப்புளியை எடுத்து வெளியே வைத்தேன். அதை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, “மேடத்துக்கு உள்ள இருக்கற அடுக்கைக் காட்டுடா” என்றார்.